மிகையில்லாத துப்பாக்கி

ஜிம் கார்பெட்டைப் படித்தவர்கள் அவருடைய .275 ரிக்பி துப்பாக்கியை மறந்திருக்க மாட்டார்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் சுட்டு வீழ்த்தியதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹெவெட் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது அது. மெலிந்த உடல், குறைந்த எடை, அலட்டல் இல்லாத தோற்றம். மேலே பொறித்திருந்த பெயர் லண்டன் கடையினுடையது. உள்ளே இயங்கிய போல்ட் அமைப்போ ஜெர்மனியில் பால் மவுசர் 1898இல் முழுமைப்படுத்தியது. போருக்காகப் பிறந்த அந்த இயந்திரம் வேட்டைக்காரர் கைக்கு வந்தபோது அதற்குப் புதிய வாழ்க்கை ஒன்று தொடங்கியது. அந்த வாழ்க்கையின் செழிப்பான காலம் அமெரிக்காவில் கழிந்தது. அதைச் செழிக்க வைத்தவர்களில் பெரும்பாலோர் கையில் அதிகம் காசில்லாதவர்கள்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக்குக் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டது. சாத்தியதே சரி, புலியும் வரையாடும் இன்று மிஞ்சியிருப்பதில் அந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் நடைமுறை வேறு. அங்கே வேட்டை பருவம் பார்த்து, எண்ணிக்கை பார்த்து, உரிமச்சீட்டு வாங்கி நடக்கிறது. அதனோடு சேர்ந்து, தனக்கென்று ஒரு வேட்டைத் துப்பாக்கியைச் செய்துகொள்ளும் கைத்தொழிலும் உயிரோடு இருக்கிறது. அந்தத் தொழிலில் என்னை ஈர்ப்பது அதன் சிக்கனம். எதைச் சேர்க்காமல் விடுவது, எந்த இடத்தில் கையை நிறுத்துவது என்ற அறிவு அங்கே வளர்ந்ததற்குக் காரணமே செலவழிக்கக் காசு குறைவாக இருந்ததுதான். அந்த அறிவுதான் அந்தத் துப்பாக்கிகளின் அழகு என்று நான் நினைக்கிறேன்.

முதலில் மவுசரின் போல்ட்டைப் பார்க்க வேண்டும். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே இறக்கினால் வேலை முடிந்தது. அந்த நான்கு அசைவுக்குள் எத்தனை காரியம் நடக்கிறது! கைப்பிடி மேலே எழும்போதே சுத்தி ஊசி பின்வாங்கித் தயாராகிறது. போல்ட் முன்னே வரும்போது, தோட்டா அதன் பெட்டியிலிருந்து மேலெழுந்த கணத்திலேயே நீண்ட எஃகு நகம் ஒன்று அதன் அடி விளிம்பைப் பற்றிக்கொள்கிறது. பிறகு தோட்டாவால் வழி தவற முடியாது. துப்பாக்கி சாய்ந்திருந்தாலும் தலைகீழாக இருந்தாலும் அது அறைக்குள்தான் போகும். சுட்ட பிறகு வெற்றுக்கூடு அதே நகத்தால் வெளியே வரும். அழுத்தத்தைத் தாங்க முன்பக்கம் இரண்டு தடித்த பூட்டுமுனைகள். அவை இரண்டும் உடைந்தால் ஆளைக் காக்கப் பின்பக்கம் மூன்றாவது ஒன்று. தோட்டாவின் அடி வெடித்து வாயு பின்னோக்கிப் பீறிட்டால் அதைச் சுடுபவரின் கண்ணில் படாமல் திருப்பிவிடப் போல்ட்டின் உடலில் துளைகள். ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு விபத்தை முன்கூட்டி நினைத்து வைத்த பாகம். அலங்காரத்துக்காக வைத்தது என்று எதையும் காட்ட முடியாது.

அமெரிக்க ராணுவம் 1903இல் ஏற்றுக்கொண்ட ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியில் மவுசரின் சாயல் மிக அதிகமாக இருந்தது. காப்புரிமைக்காக அமெரிக்க அரசு மவுசர் நிறுவனத்துக்கு 2 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. அந்தத் துப்பாக்கிக்காக 1906இல் வந்த தோட்டாதான் .30-06. அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையிலேயே ஒன்றை, தோளில் தாங்கும் மரக்கட்டையை வேட்டைக்கு ஏற்றபடி மாற்றி வாங்கிக்கொண்டார். 1909இல் ஆப்பிரிக்காவுக்கும் எடுத்துப்போனார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலைப் படித்தவர்களில் ஒருவர் நியூயார்க்கில் மரச்சாமான் செய்துகொண்டிருந்த சீமோர் கிரிஃபின். நல்ல வால்நட் மரத்தைத் தேடிப்பிடித்துத் தன் ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தானே கட்டை செய்தார். பார்த்தவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். 1923இல் ஜேம்ஸ் ஹோவுடன் சேர்ந்து அவர் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹோவ் பட்டறையிலிருந்துதான் எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டும் வந்தது.

கிரிஃபின் அண்ட் ஹோவின் விலை எல்லோருக்கும் எட்டக்கூடியது அல்ல. ஆனால் அவர்கள் வகுத்த வடிவம் எல்லோர் கண்ணிலும் பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில், ஐரோப்பியக் கிடங்குகளில் குவிந்து கிடந்த மவுசர்கள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு வந்தன. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பணவிடை அனுப்பினால் துப்பாக்கி தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். ஸ்பிரிங்ஃபீல்டுகளை அரசே குடிமக்களுக்குச் சொற்ப விலைக்கு விற்றது. மிசௌரி மாநிலத்தின் வார்சா என்ற சிற்றூரில் பிஷப், ஃபேஜன் ஆகிய இரண்டு நிறுவனங்கள் வால்நட் கட்டைகளைப் பெரும்பகுதி செதுக்கி, மீதியை வாங்குபவர் கைக்கு விட்டு அனுப்பின. ஆலைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் விவசாயியும் அவற்றை வாங்கினார்கள். வெளியே பனி கொட்டும் மாதங்களில் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து, உளியும் அரமும் கொண்டு மீதியைத் தாங்களே முடித்தார்கள்.

போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு கல்விச் செலவு கொடுத்தது. கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் 1947இல் துப்பாக்கித் தொழிலுக்கென்றே ஒரு பயிற்சித் துறை தொடங்கியது. அங்கே கற்பித்தவர்களில் ஒருவர் பி. ஓ. ஆக்லி. பல நாட்டு ராணுவத் துப்பாக்கிகளை எடுத்து, உடையும்வரை அளவுக்கு மீறிய வெடிமருந்து ஏற்றிச் சோதித்துப் பார்த்தவர் அவர். மலிவுச் சரக்கு என்று பலரும் ஒதுக்கிய ஜப்பானிய அரிசாகா அந்தச் சோதனையில் அசாத்தியமாகத் தாக்குப்பிடித்தது. விலைச்சீட்டைப் பார்த்து ஒரு பொருளை மதிப்பிடும் வழக்கத்துக்கு அது நல்ல அடி. 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தபால் விற்பனையையும் ராணுவ உபரி இறக்குமதியையும் நிறுத்தியது. அதற்குள் ஒரு தலைமுறை தொழிலைக் கற்று முடித்திருந்தது.

இந்த மரபின் உச்சமாக நான் வைப்பது ஜாக் ஓ'கானருக்காக ஆல் பீஸன் செய்த .270 துப்பாக்கியை. ஓ'கானர் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர். பிறகு 'அவுட்டோர் லைஃப்' இதழில் துப்பாக்கிகளைப் பற்றிப் பல்லாண்டுகள் எழுதியவர். பீஸன் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரத்துக் கைவினைஞர். அவர் எடுத்துக்கொண்டது கடையில் கிடைத்த சாதாரண வின்செஸ்டர் மாடல் 70. 1936இல் சந்தைக்கு வந்த அந்த மாடலிலும் மவுசரின் நகம் இருந்தது. குழலை மாற்றவில்லை. பிரெஞ்சு வால்நட்டில் கட்டை செய்தார். 4 மடங்கு பெரிதாக்கும் எளிய தொலைநோக்கியோடு மொத்த எடை ஏறத்தாழ 8 பவுண்டு. கைப்பிடிப் பகுதியிலும் முன்கட்டையிலும் சதுரக் கோடுகள் இழைத்திருந்தார். தங்கமும் விலங்குச் சித்திரமும் கிடையாது. மலையாட்டுக்குப் பின்னால் செங்குத்துச் சரிவில் ஏறும் ஒருவருக்குத் தேவையான எல்லாம் அதில் இருந்தன. அவர் தோளில் சுமக்க வேண்டிய அவசியமில்லாத எதுவும் அதில் இல்லை. ஓ'கானரின் மனைவி எலினோரும் தேர்ந்த வேட்டைக்காரர். அவருக்குப் பிடித்த தோட்டா 7×57 மவுசர். கார்பெட்டின் ரிக்பி சுட்டதும் அதே தோட்டாதான், ஆங்கிலேயர் அதற்கு .275 என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பின்னுதைப்பு குறைவு, எடை குறைவு, துல்லியம் அதிகம். ஆயுதத்தின் பலத்தைவிடத் தன் குறியை நம்பிய இருவர், இரு கண்டங்களில், ஒரே தோட்டாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இனி வேலைமேசைக்கு வருவோம். அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி என்பது எண் பொறித்த ரிசீவர், அதாவது போல்ட் ஓடும் எஃகு உடல், மட்டுமே. புதிதாக வாங்குவதானால் அதை உரிமம் பெற்ற கடையில், பின்புலச் சோதனைக்குப் பிறகு வாங்க வேண்டும். மற்ற எதையும் துண்டு துண்டாகச் சேர்க்கலாம். காசு சேரும்போது ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்க முடிவது இந்தத் தொழிலின் பெரிய சலுகை. ஒருவர் இந்த ஆண்டு ரிசீவர் வாங்கி, அடுத்த ஆண்டு குழல் வாங்கி, அதற்கடுத்த ஆண்டு மரம் வாங்குவது அங்கே சகஜம்.

செலவழிக்க வேண்டிய இடம் குழல். குழலின் உட்புறத்தில் சுருள்சுருளாக ஓடும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழற்றி விடுகின்றன. .30-06 குழலில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கமான கணக்கு. வினாடிக்கு 2,900 அடி வேகத்தில் வெளியேறும் குண்டு அப்படியானால் வினாடிக்கு 3,480 முறை சுழல்கிறது. அந்த வேகச் சுழற்சியில் குழலின் சிறு கோணலும் குறியில் பெரிதாகத் தெரியும். வரிப்பள்ளங்களை ஒவ்வொன்றாகச் சீவி எடுக்கலாம். கடின உலோகக் குமிழை இழுத்து அழுத்தியும் பதிக்கலாம். உள்ளச்சை நுழைத்து வெளியிலிருந்து சுத்தியால் அடித்தும் உருவாக்கலாம். முறை எதுவானாலும், கடைசியில் ஈயத்தையும் தேய்ப்புப் பசையையும் கொண்டு கையால் இழைத்துச் சமன் செய்த குழலுக்கு ஒரு தனி மதிப்பு. இழைத்தவரின் கை, எந்த இடத்தில் இறுக்கம், எந்த இடத்தில் தளர்வு என்று உணர்ந்திருக்கும்.

அடுத்து ஹெட்ஸ்பேஸ். அறைக்குள் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள தூரம் அது. கோவைப் பட்டறைக்காரர்கள் லேத் வேலையில் பயன்படுத்துவதைப் போன்றே இங்கும் கோ கேஜ், நோ-கோ கேஜ் என்று இரண்டு எஃகு அளவுகோல்கள். .30-06க்கு முதலாவது 1.940 அங்குலம், இரண்டாவது 1.946. முதலாவதை வைத்தால் போல்ட் மூட வேண்டும். இரண்டாவதை வைத்தால் மூடக் கூடாது. இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 6 பங்கு, அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். சுடுபவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிக்கும் அழுத்தம் இந்தச் சிறு இடைவெளிக்குள் அடங்க வேண்டும். இங்கே தோராயத்துக்கு இடமில்லை. தெரியாதவர் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

பிறகு மரம். நல்ல கட்டைக்கு வால்நட்டே அரசன். அமெரிக்கக் கறுப்பு வால்நட் உறுதியானது, விலை தாழ்ந்தது. ஆங்கில வால்நட் என்று வழங்கும் வகை அதைவிட இறுக்கமான நார் கொண்டது. நுண்ணிய கோடுகளைச் சிதறாமல் தாங்கும். மரம் அறுத்த பிறகு ஈரம் வற்ற ஆண்டுகள் ஆகும். ஈரம் மிச்சமிருக்கும் மரத்தில் வேலை செய்தால் துப்பாக்கி மழைக்கு ஒரு பக்கம், வெயிலுக்கு ஒரு பக்கம் சுடும். பலகையைத் தேர்வு செய்வதிலேயே செய்பவரின் ரசனை வெளிப்பட்டுவிடும். புதியவர்கள் தோள்பக்கத்தில் நெளியும் சித்திர வரிகளைப் பார்த்து மயங்குவார்கள். தேர்ந்தவர் முதலில் பார்ப்பது கைப்பிடி மெலியும் இடத்தில் நார் எப்படி ஓடுகிறது என்பதை. அங்கே நார் குறுக்கே வெட்டுப்பட்டால் அந்தத் துப்பாக்கி ஒருநாள் கீழே விழும்போது அந்த இடத்தில்தான் முறியும். நார் கைப்பிடி வழியாக நேராகச் சென்று, பின்கட்டையில் மட்டும் சித்திரம் விரிந்தால் அது கிடைத்தற்கரிய பலகை.

மரத்துக்குள் எஃகைப் பதிப்பதுதான் இந்தக் கலையின் உயிர் என்பேன். ரிசீவரின் அடியில் மை தடவி மரத்தில் வைத்து எடுப்பார்கள். மை ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் உளியால் சுரண்டுவார்கள். மறுபடி மை, மறுபடி வைத்து எடுத்தல், மறுபடி சுரண்டல். நூற்றுக்கணக்கான முறை இது நடந்த பிறகு, எஃகு முழுக்க மரத்தில் ஒரே சீராக உட்காரும். விளிம்பில் தாள் நுழைய இடமிருக்காது. அவசரப்பட்டு ஒரு சீவல் கூடுதலாக எடுத்தால், எடுத்த மரத்தைத் திருப்பி வைக்க முடியாது. அதனால்தான் இந்த வேலையில் தேர்ந்தவரை, உளியை எத்தனை லாகவமாக ஓட்டுகிறார் என்பதைவிட, எந்த நொடியில் கீழே வைக்கிறார் என்பதில் கண்டுகொள்ளலாம்.

அந்தப் பொறுமையோ பயிற்சியோ இல்லாதவருக்கும் வழி உண்டு. பள்ளத்தைச் சற்றுத் தாராளமாக வெட்டி, எப்பாக்சிப் பசையை நிரப்பி, மெழுகு பூசிய ரிசீவரை அதில் அழுத்தி வைத்தால், காய்ந்ததும் மிகத் துல்லியமான படுகை கிடைக்கும். மெழுகு பூச மறந்தால் துப்பாக்கி கட்டையை விட்டு வராது. அயோவாவின் பிரவுனெல்ஸ் நிறுவனம் விற்கும் ஆக்ராகிளாஸ் இதற்கென்றே பேர் போனது. உளியின் அழகு இதில் இல்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. மழையிலும் பனியிலும் குறி மாறாமல் நிற்க வேண்டிய கருவிக்கு மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய நன்மை செய்வது இந்தப் பசைதான். குழல் மட்டும் மரத்தைத் தொடாமல் மிதக்க வேண்டும். குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு டாலர் நோட்டைச் செருகி இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும்; சோதனைக் கருவியின் செலவு அவ்வளவே.

கட்டையின் அளவுகள் ஆளுக்கு ஆள் மாறும். விசையிலிருந்து பின்கட்டையின் முனைவரை கடையில் வாங்கும் துப்பாக்கியில் பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். கை குட்டையானவருக்கு அது நீளம். குளிருக்குத் தடித்த அங்கி போட்டவருக்கும் நீளம். கன்னம் மரத்தில் படியும் உயரம், கழுத்தின் நீளம், தோளின் அகலம் எல்லாவற்றையும் அளந்து செய்த கட்டை, தேர்ந்த தையற்காரர் தைத்த சட்டையைப் போல உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைத் திறந்தால், தொலைநோக்கியின் வட்டம் முழுமையாகக் கண்முன் நிற்க வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் கட்டை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

செக்கரிங் என்னும் வைரக்கட்டக் கோடுகளுக்கும் காரணம் பிடிமானமே. வியர்த்த கையும் ஈரக் கையும் வழுக்காமலிருக்க அது. அங்குலத்துக்கு 22 முதல் 24 கோடுகள் நல்ல வேலைக்கு அடையாளம். அதற்கு மேல் நெருங்கினால் பார்வைக்கு நுணுக்கம், கைக்குப் பிடிமானம் குறைவு. கோடு போட்டவர் எல்லையைத் தாண்டி ஒரு மயிரிழை ஓடியிருந்தாலும் பளிச்சென்று தெரியும். ஓரத்தில் கரை கட்டி அந்தத் தவறுகளை மறைப்பதுண்டு. கரையே இல்லாமல் முடித்திருந்தால் செய்தவருக்குத் தன் கைமேல் எவ்வளவு நம்பிக்கை என்று புரிந்துகொள்ளலாம்.

எஃகுக்கு நிறம் கொடுப்பதில் துருவைத் துருவாலேயே தடுக்கிறார்கள். எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்த குழலில் துரு வரவழைக்கும் கரைசலைப் பூசி ஈரக்காற்றில் வைப்பார்கள். மெல்லிய செந்துரு படரும். அதை வெந்நீரில் கொதிக்க வைத்தால் செந்துரு கருமையாக மாறும். சிவப்பு இரும்பு ஆக்சைடு கறுப்பு மேக்னடைட் ஆகும் ரசாயனம் அது. மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்தால் மேலே நிற்கும் தூள் போய், அடியில் ஒரு கருநீலச் சாயை மிஞ்சும். இதைத் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய நிறம் ஆழமாகும். வெயிலில் பளபளக்காது, மானின் கண்ணை எச்சரிக்காது. உப்புத் தொட்டியில் முக்கி எடுக்கும் வேகமான முறை ஆலைகளுக்கு ஏற்றது. இந்த மெதுவான முறைக்கு ஒரு தொட்டி, அடுப்பு, தண்ணீர், பொழுது போதும். காசில்லாதவருக்கும் எட்டும் இந்த முறை, ஆலை முறையைவிட அழகான பூச்சைத் தருகிறது.

இன்று உபரி மவுசர் மலிவு அல்ல. பழுதுபடாத ராணுவத் துப்பாக்கிகள் சேகரிப்பாளர்களின் பொருளாகிவிட்டன. அவற்றை வெட்டுவது வரலாற்றை வெட்டுவது. ஐம்பதுகளில் யாரோ அரைகுறையாக வெட்டி விட்டுப்போன மவுசர்கள் பழைய சந்தைகளில் கிடைக்கின்றன. அவற்றுக்குப் புதுவாழ்வு கொடுப்பதே இன்றைய சிக்கனக்காரருக்கு ஏற்ற மரபுவழி. இன்னொரு வழி நிக்கலஸ் புரூவர் வடிவமைத்து 1958இல் வெளிவந்த சாவேஜ் 110. குழலை ரிசீவரோடு ஒரு திருகுவளையத்தால் இறுக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. உற்பத்திச் செலவைக் குறைப்பதற்காகச் செய்தது, பிற்காலத்தில் வீட்டு மேசையில் குழல் மாற்றுபவர்களுக்கு வரமாகிவிட்டது. கோ கேஜை அறையில் வைத்து, குழலை அதைத் தொடும்வரை திருகி, வளையத்தை இறுக்கினால் அளவு வந்துவிடும். லேத் தேவையில்லை. தெற்கு டகோட்டாவின் பாய்ட்ஸ் தரும் ஒட்டுமரக் கட்டை, சுமார் 3 பவுண்டு அழுத்தத்தில் விடுபடும் நல்ல விசை, நம்பகமான தாங்கிகளோடு மிதமான தொலைநோக்கி ஆகியவற்றைச் சேர்த்தால் எவரும் மதிக்கத்தக்க துப்பாக்கி தயார். தாங்கியிலும் தொலைநோக்கியிலும் மட்டும் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. பல குறி தவறல்களுக்குக் காரணம் அங்கே தளர்ந்த திருகுதான். மிச்சம் பிடித்த காசைத் தோட்டாவில் போட வேண்டும். பயிற்சியில் செலவழிந்த தோட்டாக்கள்தான் துப்பாக்கியின் மிக உயர்ந்த உதிரிப்பாகம்.

வேட்டைத் திட்டத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். வழிகாட்டியும் குதிரையும் கூடாரமும் அமர்த்திச் செல்லும் மேற்கத்திய மலைவேட்டைக்கு ஆயிரக்கணக்கான டாலர் பிடிக்கும். ஆனால் அந்த நாட்டில் நிலப்பிரபு அல்லாதவருக்கும் நிலம் உண்டு. கூட்டரசின் நில மேலாண்மைத் துறையிடம் சுமார் 24.5 கோடி ஏக்கர், வனத்துறையிடம் சுமார் 19.3 கோடி ஏக்கர். விதிகளுக்கு உட்பட்டு எந்தக் குடிமகனும் அதில் பெரும்பகுதியில் வேட்டைக்கு நுழையலாம். மன்னரின் மானை ஏழை தொடக்கூடாது என்றிருந்த ஐரோப்பிய வழக்கத்துக்கு நேர்மாறான ஏற்பாடு இது. வனவிலங்குகளின் பராமரிப்புக்கும் வேட்டைக்காரர்கள் பணம் கட்டுகிறார்கள். 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீள் துப்பாக்கிகள்மீதும் தோட்டாக்கள்மீதும் வசூலாகும் 11 சதவீத வரி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது.

குறைந்த செலவில் மேற்கே போகிறவருக்கு நான் சொல்லக்கூடிய முதல் விலங்கு வயோமிங்கின் கவைக்கொம்பன், அதாவது பிராங்ஹார்ன். வட அமெரிக்காவிலேயே மிக வேகமாக ஓடும் விலங்கு அது. உலகிலேயே அவை அதிகம் வாழும் மாநிலம் வயோமிங். உயர்ந்த மலை ஏற வேண்டாம், குதிரை வேண்டாம், உரிமச்சீட்டு குலுக்கலில் கிடைக்கும் வாய்ப்பும் எல்க் மானைவிடப் பல இடங்களில் அதிகம். பெட்டைக்கும் குட்டிக்குமான சீட்டு கொம்பனுக்கானதைவிட மிக மலிவு. கொம்பைச் சுவரில் மாட்ட ஆசைப்படாதவருக்கு இறைச்சி அதே ருசி. குலுக்கலில் தோற்றவருக்குப் பல மாநிலங்களில் புள்ளிகள் சேரும். சேர்ந்த புள்ளி அடுத்த ஆண்டின் வாய்ப்பைக் கூட்டும். எனவே பெரிய விலங்குக்குப் புள்ளி சேர்த்தபடியே சிறிய விலங்கைத் தேடிப் போவது அறிவாளியின் திட்டம். வயோமிங்கில் மற்றொரு விதியும் உண்டு: கூட்டரசு வனாந்தரப் பகுதி என்று வரையறுத்த இடங்களில், வெளிமாநிலத்தவர் பெருவிலங்கு வேட்டைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியையோ உள்ளூர்த் துணையையோ அழைத்துச் செல்ல வேண்டும். வரைபடத்தில் அந்த எல்லையை முதலிலேயே பார்க்காதவரின் பட்ஜெட் அங்கேயே கவிழ்ந்துவிடும்.

வரைபடம் படிப்பதும் ஒரு கலைதான். 1862இல் ரயில்பாதை போடுவதற்காக அரசு ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுர மைல் நிலங்களை நிறுவனங்களுக்குக் கொடுத்தது. அதனால் மேற்கே பல இடங்களில் பொதுநிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டமாக மாறிமாறிக் கிடக்கின்றன. பொதுச் சதுரங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கால் வைத்துக் கடக்கலாமா என்பது பெரிய சட்டச் சிக்கலாக இருந்தது. 2021இல் மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் வயோமிங்கில் தனியார் நிலத்தில் கால் படாமல், சிறு ஏணி வைத்து மூலையைக் கடந்தார்கள். நில உரிமையாளரான பெரும்பணக்காரர் தொடுத்த வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், 2025இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. அவருடைய வேலிக்கு எதிரே நின்றது, வரைபடத்தைக் கூர்ந்து படித்தவர்களின் அறிவு. மோன்டானா 1985 முதல் நடத்தும் பிளாக் மேனேஜ்மென்ட் திட்டத்தில், தனியார் விவசாயிகளே வேட்டைக்காரர்களுக்கு நிலத்தைத் திறந்துவிடுகிறார்கள். இவற்றையெல்லாம் முன்கூட்டித் தேடித் தெரிந்துகொள்ளும் மாலைகளுக்குச் செலவே இல்லை. அந்த மாலைகளில்தான் பாதி வேட்டை நடந்துமுடிகிறது.

மீதிச் செலவுகள் எளியவை. நண்பர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் போய்ப் பெட்ரோலைப் பங்கிட்டுக்கொள்ளலாம். வண்டி ஓரத்திலேயே கூடாரம் போடலாம். ஐஸ் நிரப்பிய பெட்டிகளை மறக்கக் கூடாது. செப்டம்பர், அக்டோபர் வெயிலில் பிராங்ஹார்ன் இறைச்சியை உடனே தோலுரித்துக் குளிரவைக்காவிட்டால் கெட்டுவிடும். அந்த இறைச்சி சரியில்லை என்று குறை சொல்பவர்களில் பலர் அதை வெயிலில் போட்டு வைத்தவர்கள். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவது அங்கே சட்டப்படியும் குற்றம். சிக்கனம் அந்த இடத்தில் அறமாகவே மாறிவிடுகிறது: ஓர் உயிரை எடுத்தவர் அதில் எதையும் வீணாக்கக் கூடாது.

200 கெஜத்துக்குக் குறி வைத்த .30-06, 150 கிரெயின் குண்டோடு 300 கெஜத்தில் ஏறத்தாழ 7 அங்குலம் தாழ்ந்து அடிக்கும். புல்வெளியில் காற்று இல்லாத நாளே அபூர்வம். காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளும். கணக்கு நிச்சயமில்லை என்றால் சுடக் கூடாது. இன்னும் நூறு கெஜம் தவழ்ந்து போக வேண்டும், அல்லது எழுந்து திரும்பிவிட வேண்டும். அடிபட்டு ஓடி, கிடைக்காமல் சாகும் விலங்குக்கு எந்தத் துப்பாக்கியும் பதில் சொல்லாது. வேட்டைக்காரரின் தரம், அவர் சுடாமல் விட்ட தருணங்களில் வெளிப்படும் அளவுக்குச் சுட்ட தருணங்களில் வெளிப்படுவதில்லை.

கட்டையைச் செதுக்கியவரிடமும் நான் மதித்தது அதையேதான். மரம் இன்னும் ஒரு சீவல் கேட்பதுபோலத் தோன்றும்போது கையை எடுத்துக்கொண்டவர் அவர். பணம் தாராளமாக இருந்தால் கெட்டுப்போன பலகைக்குப் பதில் இன்னொன்று வாங்கிவிடலாம். தவறிய சீட்டுக்குப் பதில் விலை கொடுத்து இன்னொரு வேட்டை அமர்த்திவிடலாம். ஒரே பலகையும் ஒரே சீட்டும் ஒரு வாரமும் மட்டும் இருப்பவர், ஒவ்வொரு முடிவையும் எடுப்பதற்கு முன் யோசித்தே தீர வேண்டும். அந்தக் கட்டாயம்தான் நிலவறைத் தச்சரைக் கலைஞராக்கியது. அதுவே வார விடுமுறை வேட்டைக்காரரை நிலம் அறிந்தவராகவும் ஆக்குகிறது. விலையுயர்ந்த துப்பாக்கிகளை நான் வெறுப்பதில்லை. ஆனால் பாராட்டு என்று வரும்போது, எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்து செய்த துப்பாக்கிக்கும், எப்போது விட்டுவிட வேண்டும் என்று தெரிந்து அதைச் சுமப்பவருக்கும்தான் என் முதல் வணக்கம்.